தேருக்கு முதல்நாள் வாக்குமூலம்

கொட்டாஞ்சேனையில் பெருநாள் சாவு என்று சொன்னால் எல்லோருக்கும் தேவாலயத்தில் குண்டு வெடித்த அந்த ஒரேயொரு ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வரும். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதற்கு உரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களே எழுதட்டும். எனக்குத் தெரிந்தவை பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரியோடு முடிந்துபோகும் சாவுகள். வருஷப்பிறப்பன்று பட்டாசு கொளுத்திய இடத்தில் கத்திக்குத்து. நத்தாருக்கு முதல்நாள் மச்சானும் மச்சானும் குடித்துவிட்டு அடிபாடு. வெசாக் பந்தல் பார்க்கப் போன இடத்தில் வாய்த்தர்க்கம், பிறகு கல். செத்தவனும் கொன்றவனும் அநேகமாக ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். முகம் தெரியாத ஒருவன் வந்து செய்துவிட்டுப் போனதாக என் கைக்கு ஒன்றுகூட வந்ததில்லை.

என் கைக்கு எப்படி வரும் என்று கேட்பீர்கள். நான் மொழிபெயர்ப்பாளர். வெள்ளவத்தையில் இருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, கொட்டாஞ்சேனைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் கொள்ளும் அறையைத் திறக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், சத்தியக்கடதாசி, விசாவுக்கு வேண்டிய கடிதங்கள். இவை அன்றாட வேலை. இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பகுதியின் திடீர் மரண விசாரணை அதிகாரி, செத்தவரின் ஆட்களுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால் என்னைக் கூப்பிடுவார். ஒருவர் நோயில் கிடந்து சாகாமல் சட்டென்று செத்துப்போனால், அது எப்படி நடந்தது என்று உறவினரை விசாரித்து எழுதுவது அவருடைய கடமை. அவர் சிங்களவர், ஓய்வுபெற்ற தபாலதிபர். தமிழில் 'சாப்பிட்டாச்சா' என்பதற்கு அப்பால் அவர் போனதில்லை. நல்ல மனுஷன். எதையும் ஆறுதலாகச் செய்வார், ஒவ்வொரு வரி எழுதியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

என் வேலையில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. இரண்டு மொழியிலும் எனக்குத் தூஷணமும் தெரியும், தோத்திரமும் தெரியும். பிரேத அறை வாசலில் ஒரு குடும்பத்தைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் யார் அழுகிறார், யார் அழுவதுபோல் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். ஆனால் கெட்டிக்காரிகளுக்கும் அடி சறுக்கும். எனக்குச் சறுக்கியது ஒரு தீபாவளிக்கு முதல்நாள்.

பெருநாள் நெருங்கினால் பிரேத அறையில் எல்லோருக்கும் அவசரம். நாளைக்கு விடுமுறை. நாளை மறுநாளும் விடுமுறை. கோயிலில் விசேஷம் தொடங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும். வீட்டில் பலகாரம் சுட்டு வைத்தபடி இருக்கிறது, அதை யாரிடம் கொடுப்பது என்றுகூட ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். இந்த அவசரத்துக்கென்றே ஒரு வசனம் இருக்கிறது. 'எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.' அதைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் பின்னேரமே பிரேதம் வீட்டுக்கு வந்துவிடும், இரவாவதற்குள் எரித்தும் விடலாம். சந்தேகம் என்று வாயைத் திறந்தால் நீதவானிடம் போகும், சட்ட வைத்திய அதிகாரி வரவேண்டும், நாட்கணக்கில் இழுபடும். முடிவில் எரிக்கவும் விடமாட்டார்கள், புதைக்கத்தான் வேண்டும். எங்கள் சைவ ஆட்கள் மற்ற எல்லாவற்றையும் தாங்குவார்கள், இந்தக் கடைசி விஷயத்தில் கலங்கிப்போவார்கள்.

அந்தத் தீபாவளிக்கு முதல்நாள் வந்தவர், வெள்ளவத்தை அடுக்குமாடி ஒன்றின் படிக்கட்டடியில் செத்துக்கிடந்த ஒருவனின் அக்கா. என்னுடைய வயதுதான். தம்பி கூட்டாளிகளோடு கடதாசி விளையாடியதையும், முந்தாநாள் யாரோடோ சண்டை பிடித்துக் கொழுவியதையும், அவன் அந்த மாதிரி விழுகிற ஆள் இல்லை என்பதையும் அவர் பத்து நிமிடம் கதைத்தார். கடைசியில், "எனக்கென்ன தெரியும், நான் பார்க்கேல்லயே" என்று முடித்தார். பின்னால் நின்ற சொந்தக்காரர்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். நான் அந்தப் பத்து நிமிடத்தையும் ஒரே வரியாக்கினேன். சாட்சி நேரில் பார்க்கவில்லை, சந்தேகமும் இல்லை. அதிகாரி எழுதினார், அந்தப் பெண் கையெழுத்து வைத்தார், நான் உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் முறுக்குச் சுட்டேன்.

தைப்பொங்கல் கழிந்து அந்தப் பெண் என் அறைக்கு வந்தார். பொலிஸுக்கு ஒரு கடிதம் சிங்களத்தில் வேண்டுமாம். கதிரையில் உட்கார்ந்ததும், "நான் சந்தேகமில்லை எண்டு சொல்லேல்லயே, அக்கா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதத்தால் ஒன்றும் ஆகாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அன்றைக்கே கனத்தை மயானத்தில் எரித்து, சாம்பலையும் கடலில் கரைத்தாயிற்று. இனி யார் எதைப் பார்ப்பது?

இதை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரும் ஆள் நான் இல்லை. அன்றிலிருந்து மூன்று விஷயங்களில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வாக்குமூலத்தைச் சொன்னவருக்குத் திரும்ப வாசித்துக் காட்டும்போது அறைக்குள் அவருடைய வீட்டார் எவரும் இருக்கக்கூடாது. சொன்னது முழுவதையும் சொல்வேன், சுருக்கமாட்டேன். இரண்டு பக்கத்துக்கும் அப்படித்தான், அதிகாரி இருமினால் அதையும் மொழிபெயர்ப்பேன் என்று அவரிடமே சொல்லிவைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

இரண்டு வருடம் கழித்து, எங்கள் பகுதிக் கோயிலொன்றின் தேருக்கு முதல்நாள் காலை அதிகாரி தொலைபேசி எடுத்தார். "மிஸ், சின்ன வேலைதான்" என்றார் சிங்களத்தில். "ஏணியிலிருந்து விழுந்த கேஸ். பெண்சாதிக்குத் தமிழ் மட்டும்தான். அண்ணன்காரன் நல்லாச் சிங்களம் பேசுகிறான், அவனே எல்லாம் சொல்லிவிட்டான். வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினால் போதும்."

நான் பிரேத அறைக்குப் போனபோது படிவம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. செத்தவனுக்கு முப்பது வயது இருக்கும். மலையகத்தில் இருந்து வந்து துறைமுகத்தில் கொள்கலன் முற்றத்தில் வேலை செய்தவன். அண்ணன் அவனுக்கு முன்பே வந்து, அவனையும் கூப்பிட்டு, ஒரே ஒழுங்கையில் பக்கத்துப் பக்கத்து வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறான். தேர் அந்த ஒழுங்கையால் வருவதால், நான் போனதற்கு முந்தின நாள் பின்னேரம் எல்லோருமாகச் சேர்ந்து மின்குமிழ்ச் சரம் கட்டியிருக்கிறார்கள். ஏணியில் நின்று சரத்தைக் கட்டும்போது கால் வழுக்கித் தம்பி விழுந்தான், பின்தலை கல்லில் அடிபட்டது. படிவத்தில் இருந்தது இவ்வளவுதான். ஒழுங்கை ஆட்கள் நாலு பேர் சாட்சியாக அப்படியே சொல்லியிருந்தார்கள். ஒரு சொல்லும் பிசகவில்லை. எனக்கு அதுதான் முதலில் பிடிக்கவில்லை. நாலு பேர் பார்த்த ஒரு விஷயம் நாலு விதமாக அல்லவா இருக்க வேண்டும்?

மனைவி சுவரோர மர வாங்கின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்து மூன்று வருடமும் ஆகவில்லை. கைக்குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருந்தாள். அண்ணன் சுவரோடு சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தான். அது நடிப்பில்லை. நான் சத்தியம் செய்வேன், அந்த மனுஷன் உண்மையாகவே அழுதான். அதனால்தான் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இதற்குள் அவனுடைய கைத்தொலைபேசி மூன்று தரம் அடித்தது. கோயில் சபையில் இருந்து ஒருவர். பிணம் வீட்டில் கிடந்தால் அந்த ஒழுங்கைக்குள் தேர் வராது, இன்றைக்குள் எடுத்துவிடுவீர்களா, இல்லையென்றால் தேர் போகிற வழியை மாற்ற வேண்டும், பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும் என்று அவர் பதறினார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தேர்தான் கவலை.

"வீட்டார் வெளியில் நிற்கட்டும், நான் இவவுக்குத் தனியாக வாசிக்க வேண்டும்" என்றேன்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். அவருக்கும் அடுத்த நாள் விடுமுறை. "மிஸ், பாவம், அந்தப் பிள்ளை பயந்துபோய் இருக்கிறாள். அண்ணன் பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கும்."

"அண்ணன் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் தைரியமாக இருக்கும் சேர்" என்றேன்.

அண்ணன் என்னிடம் வந்தான். "மிஸ், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. உள்ள இருந்தா. நாந்தான் பார்த்தேன்." நான் கதவைக் காட்டினேன். அவன் போகிற போக்கில் அவள் தலையில் கை வைத்தான். "தம்பிய நல்லபடியா எரிக்கணும். அத மட்டும் மனசுல வச்சுக்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். கேட்பவர்களுக்கு அது பாசமாகத்தான் இருந்திருக்கும்.

நான் படிவத்தைத் தமிழில் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். ஏணி. மின்குமிழ்ச் சரம். கால் வழுக்கியது. எவர் மீதும் சந்தேகம் இல்லை. அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, இது சரியோ? நீங்கள் சொன்னதுதானோ?"

அவள் தலையை நிமிர்த்தி, "அக்கா, எரிக்க விடுவாங்களா?" என்றாள்.

"நான் சொல்லக்கூடாது. அவரிட்டக் கேட்டுச் சொல்லுறன்." கேள்வியை அப்படியே சிங்களத்தில் கேட்டேன்.

அதிகாரி பேனையை மூடினார். "விபத்து என்றால் எரிக்கலாம், இன்றைக்கே. சந்தேகம் இருந்தால் எரிக்க அனுமதி கிடைக்காது. புதைக்க வேண்டும்." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாததுபோல் வாய்க்குள் முணுமுணுத்தார். "பின்னால் யாராவது மறுத்தால் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும் அல்லவா, அதற்காகத்தான்."

உண்மையைச் சொல்கிறேன். அந்த இடத்தில் எனக்கு என் விதிகள் மேலேயே எரிச்சல் வந்தது. இவள் எதையோ விழுங்கிக்கொண்டு இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எரிக்க விடமாட்டார்கள் என்று நான் சொன்னால் அந்த வாய் பூட்டிக்கொள்ளும். அந்த ஒரு வரியை விழுங்கிவிட்டு, 'பயப்படாதே, நடந்ததைச் சொல்லு, மற்றதைப் பிறகு பார்க்கலாம்' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அவளும் நம்பியிருப்பாள். ஆனால் நல்லது செய்கிறேன் என்று ஒரு தரம் ஒருத்தியின் வாயில் என் வசனத்தைப் போட்டது போதும். நான் முழுவதையும் சொன்னேன். விபத்தென்றால் எரிக்கலாம். சந்தேகமென்றால் விடமாட்டார்கள், புதைக்கத்தான் வேண்டும். பின்னால் யாராவது மறுத்தால் திரும்ப எடுத்துப் பார்ப்பதற்காக அப்படி. அவர் முணுமுணுத்ததையும் விடவில்லை.

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். வெளியே மறுபடியும் தொலைபேசி அடித்தது. நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"அப்பன்னா பொதைச்சிருங்க" என்றாள்.

பிறகு சொன்னாள். நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், அவர் எழுதினார்.

"புள்ளைக்குக் காச்சல்க்கா. எங்க சன்னலுக்கு நேரா பெரிய பொக்ஸ் வச்சுப் பாட்டுப் போட்டாங்க. புள்ள தூக்கிவாரிப் போட்டு அழுவுது. இவரு போயி கொஞ்சம் கொறைக்கச் சொன்னாரு. மூத்தவரு குடிச்சிருந்தாரு, கேக்கல. இவரு பிளக்கப் புடுங்கிட்டாரு. பாட்டு நின்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. அவ்ளோதான்க்கா. எல்லாரும் சிரிச்சதுதான் அவருக்குப் பொறுக்கல. பந்தலுக்குக் கொண்டாந்த இரும்புப் பைப்ப எடுத்துப் பின்னால இருந்து அடிச்சாரு. நா ஈரத்துணியோட வாசல்ல நின்னேன்."

"ஏணி?" என்று அதிகாரி கேட்டார். அந்தச் சொல்லைத் தமிழில் கேட்டார். எங்கே படித்தாரோ தெரியாது.

"ஏணிய அப்பறந்தான் கொண்டாந்து சாச்சாங்க."

கொட்டாஞ்சேனையில் ஒரு பிளக்கைப் பிடுங்கியதற்காக ஒருவன் செத்தான். அதுவும் சாமிக்குப் போட்ட பாட்டு. நான் மொழிபெயர்த்த அத்தனை பெருநாள் சாவுகளிலும் காரணம் இவ்வளவு சின்னதாகத்தான் இருந்திருக்கிறது. நாலு பேர் முன்னால் ஒருவனுக்கு முகம் கறுத்துப்போகும். வேலை நாளாக இருந்தால் அவன் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்திருப்பான்.

அதிகாரி நிரம்பிய படிவத்தைக் குறுக்கே கோடிட்டு வெட்டிவிட்டு, புதுப் படிவம் எடுத்தார். பொலிஸ்காரரைக் கூப்பிட்டார். கதவு திறந்ததும் அண்ணன் எங்கள் மூவர் முகத்தையும் பார்த்தான். விளங்கிக்கொண்டான். ஓடவில்லை, திமிறவில்லை. அவளைப் பார்த்து, "எரிக்க விடமாட்டாங்கடி" என்று மட்டும் சொன்னான். அவனுக்கு அதுதான் பெரிய அநியாயமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் தேர் அந்த ஒழுங்கையால்தான் போனது. பிரேதம் பிரேத அறையிலேயே இருந்ததால் ஒழுங்கையில் துடக்கும் தீட்டும் இல்லையாம், தடையும் இல்லையாம். நான் சந்தியில் நின்று பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. எல்லா வாசலிலும் கும்பம் வைத்திருந்தார்கள், தேங்காய் உடைத்தார்கள். மின்குமிழ்ச் சரம் பாதி கட்டினபடி அப்படியே தொங்கியது. ஒரே ஒரு வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வாக்குமூலம் கொடுத்த நாலு பேரில் இரண்டு பேரை நான் வடக்கயிறு பிடிக்கும் கூட்டத்தில் அடையாளம் கண்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாமியைக் கும்பிடாமலே திரும்பி வந்தேன். பிறகு போய்க் கும்பிட்டேன், அது வேறு கதை. சாமியோடு எனக்குக் கோபமில்லை.

மாதம்பிட்டி மயானத்தில் புதைத்தார்கள். ஒழுங்கையில் இருந்து ஒருவரும் வரவில்லை. அவளுடைய ஊரில் இருந்து அப்பாவும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அப்பா குழியைப் பார்த்துப் பார்த்து, நம்ம ஆளுங்கள இப்பிடிப் போடறதில்லையே என்று முனகினார். நான் தள்ளி நின்றேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை, ஆனாலும் போனேன். அவளிடம் இருந்த ஒரே ஆசையையும் நான் வாசித்துக் காட்டிப் பறித்துவிட்டதுபோல் ஒரு குற்ற உணர்வு. என் வேலையை நான் சரியாகத்தான் செய்தேன் என்று அறிவு சொன்னது. நெஞ்சு கேட்கவில்லை.

வழக்கு இழுபட்டது. ஒன்றரை வருடம் கழித்து, எதிர்த்தரப்பு ஏணிக் கதையை மறுபடி தூக்கிக்கொண்டு வந்தது. மண்டையில் இருக்கும் காயம் கல்லில் விழுந்ததாலும் வரலாம், முதல் பரிசோதனை போதாது என்று வாதாடினார்கள். திரும்பத் தோண்டி எடுத்துப் பார்க்கும்படி நீதிமன்றம் கட்டளையிட்டது. கணவனின் குழி எது என்று அடையாளம் காட்ட மனைவி வரவேண்டும். அவளுக்கு மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள்.

மத்தியான வெயில். துணி கட்டி மறைத்திருந்தார்கள். மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் குழியைக் காட்டிவிட்டு வந்து, வேலிக்குப் பக்கத்தில் என்னோடு நின்றாள். இதற்கிடையில் உடம்பு கொஞ்சம் சதை பிடித்திருந்தாள், ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்வதாகச் சொன்னாள். சிங்களமும் நன்றாகப் பேசினாள். நான் அங்கே தேவையே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. ஆனால் நான் ஒன்றரை வருடமாக வைத்திருந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தங்கச்சி, என்னைக் குறை நினைக்காதேங்கோ. எரிச்சிருந்தா அவர் நிம்மதியாப் போயிருப்பார். இப்பிடித் திரும்ப எழுப்பி..." என்று தொடங்கினேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "என்னக்கா இப்பிடிச் சொல்றீங்க? அன்னைக்கு நா வாயே தெறக்கிறதா இல்ல. ஒத்த ஆளா நா சொன்னா யாரு நம்புவாங்க, அவங்க அத்தன பேரு இருக்காங்க. யாராச்சும் இல்லேன்னு சொன்னா திரும்ப எடுத்துப் பாக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க? அதக் கேட்டுத்தானே பொதைக்கச் சொன்னேன்."

துணிக்குப் பின்னால் மண்வெட்டிச் சத்தம் நின்றது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் செருப்பைக் கழற்றி என் பக்கத்தில் விட்டுவிட்டு, வெளியே எடுத்ததை அடையாளம் காட்டப் போனாள்.